கடப்பா பத்து மணிக்குள் தீர்ந்துவிடும்

போன மாதம் அத்தையைக் கூட்டிக்கொண்டு நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் மூன்று நாளில் சுற்றிவிட்டு வந்தேன். பேரனுக்குப் பெண் அமைந்தால் ஒன்பது கோயிலுக்கும் வருகிறேன் என்று வேண்டியிருந்தாராம், அமைந்துவிட்டது. அத்தைக்கு 71 வயது, திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் கிராமம், பல வருடமாகச் சர்க்கரை. நான் இருப்பது திருப்பூரில். கோயில்களைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நான் எழுத நினைப்பது வழியில் உட்கார்ந்து சாப்பிட்ட கடைகளைப் பற்றி. டெல்டாவில் ஓட்டல் பண்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் கிளம்பினால் கும்பகோணத்துக்கே போனாலும் பைபாஸ் சாலையில் ஆறிப்போன ஃபிரைட் ரைஸைத்தான் சாப்பிட்டுவிட்டு வருவோம். முதல் நாள் எங்களுக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆனது.

கிளம்பும்போதே அத்தைக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம். பெரிய தூக்கு நிறையப் புளிசோறு, இன்னொரு சின்ன தூக்கில் எள்ளுத் துவையல், முறுக்கு ஒரு டப்பா என்று மூன்று நாளுக்கும் கட்டி வைத்திருந்தார். "வெளில சாப்புட்டா வவுத்துக்கு ஆவாது பாப்பா" என்றார். அதற்காக மட்டும் சொல்லவில்லை என்பது கார் மன்னார்குடி தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 1968 மகாமகத்துக்குத் தாத்தா வீட்டில் எல்லாரையும் கும்பகோணம் கூட்டிப் போயிருக்கிறார், அத்தைக்கு அப்போது 14 வயது. குளித்துவிட்டு வந்ததும் ஆண்கள் எல்லாரும் ஒரு காபி கிளப்புக்குள் போய்விட்டார்கள், பெண்கள் குழந்தைகளை வைத்துக்கொண்டு வெளியே திண்ணையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்திருக்கிறார்கள். "உள்ளேருந்து காபி வாசனை வந்துச்சு, சாம்பார் வாசனை வந்துச்சு, ஏதோ ஒண்ணு தேங்காயும் சோம்பும் போட்டு அரைச்ச வாசனை. அது என்னன்னு இன்னிவரைக்கும் தெரியாது" என்றார். கல்யாணத்துக்கு அப்புறமும் அதே கதைதான். மாமா ஊருக்குப் போனால் வாழையிலையில் கட்டி ஏதாவது வாங்கிக்கொண்டு வருவார், வீட்டுக்கு வந்து பிரிக்கும்போது தோசை விறைத்துப்போயிருக்கும். ஓட்டலில் உட்கார்ந்து, ஒருவர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டு, சூடாகக் கொண்டுவந்து வைத்து அத்தை சாப்பிட்டது மொத்தமாக நாலைந்து முறைகூட இருக்காது, அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில்.

அதைக் கேட்ட பிறகு எனக்கு மனசு ஆறவில்லை. தேங்காயும் சோம்பும் என்றால் அது கும்பகோணத்தில் இட்லிக்கு ஊற்றுகிற கடப்பாவாகத்தான் இருக்க வேண்டும், கும்பகோணம் போனதும் முதல் வேலை அத்தைக்குக் கடப்பா வாங்கித் தருவது என்று முடிவு செய்துகொண்டேன்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் கேட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, ரயில் போய், இஞ்சின் திரும்பி வந்து, மறுபடி ரயில் போய் என்று முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அந்த நேரத்தில் இறங்கிப் போய்ப் பால்திரட்டு வாங்கினேன். நீடாமங்கலத்துக்கே உரிய பண்டம் அது, பாலைச் சுண்டக் காய்ச்சி ஆடையும் திரட்டும் சேர்ந்து வர, சர்க்கரை போட்டு இறக்குவது. பால்கோவா மாதிரி இறுகி இருக்காது, பல்லுக்கு வேலை இல்லாமல் நாக்கிலேயே கரையும். அத்தை ஒரு விரல் நுனியில் எடுத்து நக்கிப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை என் கைப்பையில் வைக்கச் சொன்னார். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று மதியம் தெரிந்தது.

ஆலங்குடியில் குருவைப் பார்த்துவிட்டுக் கும்பகோணம் போய்ச் சேர்ந்தபோது மணி 11. கோயில் வீதியில் ஒரு பழைய சைவ ஓட்டல், கல்லாவில் விபூதிக் கிண்ணமும் ஊதுபத்தியும் இருக்குமே, அந்த மாதிரி. "அண்ணே, கடப்பா இருக்கா?" என்று கேட்டேன். "கடப்பா காலைல மட்டும்தாங்க. ஏழு மணிக்கு இறக்குவோம், பத்துக்குள்ள தீந்துடும்" என்றார் சர்வர். சரி, சாப்பாடாவது போடுங்கள் என்றால், அது பதினொன்றரைக்கு மேல்தான். அதுவரை உட்காரலாம்தான், ஆனால் திருநாகேஸ்வரம் நடை சாத்திவிடுமே என்கிற அவசரத்தில் நான் அத்தையை எழுப்பிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

இந்தப் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும். அதனால் என்ன நடக்கிறது என்றால், காலையிலிருந்து கோயில் கோயிலாகப் போகிற வேன்கள், பஸ்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சாப்பாட்டுக்கு வந்து இறங்குகின்றன. திருநாகேஸ்வரத்தில் ராகுவுக்குப் பாலாபிஷேகம் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது ஒன்றேகால், போன கடையில் எல்லாம் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஆள் நிற்கிறது. நாலு கடை பார்த்து, ஐந்தாவதாகப் பைபாஸ் ஓரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய ஓட்டலில் உட்கார்ந்தபோது இரண்டே முக்கால். சாம்பார் புளித்திருந்தது, சோறு மறுபடி சூடு பண்ணியது, கேட்டதற்கு "லேட்டா வந்தா இப்படித்தான் மேடம்" என்றார் அங்கிருந்தவர். அதைவிட, உட்கார்ந்து சாப்பாடு வருவதற்குள் அத்தைக்கு உள்ளங்கை வியர்த்து விரல் நடுங்க ஆரம்பித்துவிட்டது. சர்க்கரை இறங்குகிறது என்று புரிந்து கைப்பையைத் துழாவினால் அந்தப் பால்திரட்டுப் பொட்டலம். இரண்டு வாய் ஊட்டிவிட்டேன், பத்து நிமிடத்தில் நிதானத்துக்கு வந்தார். எனக்குத்தான் அன்று சாயங்காலம் வரை படபடப்பு அடங்கவில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கோயில் நேரத்துக்கு முன்னால் சாப்பாட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கோயில் நாலு மணிக்குத் திறந்துதான் ஆகும்.

சூரியனார்கோயிலும் கஞ்சனூரும் முடித்துவிட்டு ராத்திரி அதே பழைய ஓட்டலுக்குப் போனோம். கூட்டம் குறைவு. காலையில் பார்த்த அதே சர்வர் அண்ணன், அறுபது வயது இருக்கும், அடையாளம் கண்டு "காலைல கடப்பா கேட்டீங்கள்ல" என்றார். ரவா தோசை சொல்லிவிட்டு நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன், அவரும் சலிக்காமல் சொன்னார். அதிகாலை காபி, ஆறரைக்கு இட்லியும் பொங்கலும், ஏழுக்குக் கடப்பா, பதினொன்றரையிலிருந்து சாப்பாடு, இரண்டுக்கு மேல் கூட்டுப்பொரியல் மாறிவிடும், நாலு மணிக்கு மாஸ்டர் பஜ்ஜிச் சட்டி வைப்பார், ரவா தோசையும் அடையும் ஆறு மணிக்கு மேல்தான், கல் அப்போதுதான் பதமாக இருக்கும். கடப்பாவை ஏன் சாயங்காலம் போடக்கூடாது என்றேன். "தேங்கா அரைச்சு ஊத்துனதும்மா, அதுல பருப்பு வேற. நேரமானா இறுகிப் போயிடும், வெயில்ல புளிச்சுடும். திரும்பத் தண்ணி ஊத்திக் கொதிக்க வச்சா அது கடப்பா இல்ல" என்றார். நான் அந்த ராத்திரி கோயில் அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு மீதி இரண்டு நாளையும் திருப்பிப் போட்டேன்.

மறுநாள் அத்தை ஐந்து மணிக்கே குளித்துத் தயார். ஐந்தரைக்கு காபி. இந்த டிகிரி காபியைப் பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. சென்னையிலிருந்து திருச்சி போகிற சாலை முழுக்கப் பித்தளை டபரா டம்ளரை அடுக்கிவைத்துக் கும்பகோணம் டிகிரி காபி என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள், குடித்துப் பார்த்தால் டபரா மட்டும்தான் கும்பகோணம். இங்கே விஷயம் பாலில் இருக்கிறது. பால்மானி வைத்துப் பார்த்துத் தண்ணீர் கலக்காத பால் என்று தெரிந்த பாலில் போட்ட காபிக்குத்தான் டிகிரி காபி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள், வேறு விதமாகச் சொல்கிறவர்களும் உண்டு. எப்படியானாலும் கறந்த பாலை ஒரே தடவை காய்ச்சி, திரும்பத் திரும்பக் கொதிக்க வைக்காமல், முதல் டிகாக்ஷனில் கலந்தால் அது கள்ளிச்சொட்டு மாதிரி நிற்கும். முதல் டிகாக்ஷன் விடியற்காலையில்தான் கிடைக்கும், ஒன்பது மணிக்குப் போனால் அதே பொடியில் இரண்டாவது தடவை வெந்நீர் விட்டதாக இருக்கலாம். அத்தைக்குச் சர்க்கரை இல்லாமல். சர்க்கரை இல்லாத காபியில் பாலின் யோக்கியதை உடனே தெரிந்துவிடும். அத்தை இரண்டு கையாலும் டபராவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஆற்றி, முழுவதும் குடித்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏழு பத்துக்குக் கடப்பா வந்தது. எவர்சில்வர் வாளியில், மேலே கறிவேப்பிலை மிதக்க, வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு நிறம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கை உதிர்த்துப் போட்டு, தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி, பட்டை கிராம்பு வெங்காயம் தாளித்து, இறக்கும்போது எலுமிச்சை பிழிவது. மிளகாய்த்தூள் கிடையாது, தக்காளி பெரும்பாலும் கிடையாது. சாம்பாருக்கும் குருமாவுக்கும் நடுவில் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை, அது தனி. இட்லியை அதில் ஊறவிடக்கூடாது, ஊற்றியதும் சாப்பிட வேண்டும். அத்தை வாளி பக்கத்தில் வந்தபோதே மூக்கை உறிஞ்சி என்னைப் பார்த்தார். "இதான் பாப்பா. இதேதான்" என்றார். 57 வருடம் கழித்து ஒரு வாசனை அடையாளம் தெரியுமா என்று யாராவது கேட்டால், தெரியும், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று இட்லி சாப்பிட்டார். வீட்டில் எப்போதும் இரண்டுதான்.

அப்புறம் திங்களூர் போகிற வழியெல்லாம் பாசிப்பருப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். தாளடி நெல் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடி, நிற்கிற பயிருக்குள்ளேயே ஈரத்தில் பயறையும் உளுந்தையும் தெளித்துவிடுவார்கள், நெல்லை அறுத்துக்கொண்டு போனதும் அந்த ஈரத்திலும் பனியிலும் அது தானாக வளர்ந்து வரும், தனியாக உழவு கிடையாது, தண்ணீர் கிடையாது. மேட்டூரில் ஜூன் 12 திறந்தால் குறுவை, இல்லாவிட்டால் சம்பா மட்டும் என்று தண்ணீரைப் பார்த்தே ஓடுகிற ஊரில் தண்ணீர் கேட்காமல் வருவது அந்தப் பயறு ஒன்றுதான் என்றார். இந்தப் பக்கத்து ஓட்டல்களிலும் மிட்டாய்க் கடைகளிலும் பாசிப்பருப்பு ஏன் இவ்வளவு புழங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. ஏனென்றால் அடுத்து நாங்கள் சாப்பிட்டதும் பாசிப்பருப்புதான், திருவையாறு அசோகா.

திங்களூரிலிருந்து திருவையாறு கூப்பிடு தூரம். தியாகராஜர் சமாதிக்கு ஜனவரியில் ஆராதனைக்கு வருகிறவர்கள் பாட்டு முடிந்ததும் போய் நிற்கிற அல்வாக் கடைகள் இருக்கின்றன, அதில் ஒன்றில் நாங்கள் போன நேரம் சட்டியை அப்போதுதான் இறக்கினார்கள். பருப்பை வேகவைத்து மசித்து, நெய்யில் வறுத்த கோதுமை மாவோடு சர்க்கரை சேர்த்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், நெய் பிரிந்து சட்டியை விட்டு உருண்டு வருகிறவரை. சின்ன வாழையிலைத் துண்டில் வைத்து, பக்கத்தில் ஒரு பிடி மிக்ஸரும் வைத்துத் தந்தார்கள். அந்தச் சூட்டில் அசோகா கொழகொழவென்று வழுக்கிக்கொண்டு போகும், பருப்பின் மணல் மாதிரியான பதம் கடைசியில் நாக்கில் தெரியும். பார்சல் வாங்கிப் போய் மறுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு இது தெரியாது, நெய் உறைந்து, பதம் போய், வெறும் இனிப்பு மட்டும் மிஞ்சும். தயவுசெய்து அங்கேயே நின்று 50 கிராம் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் வேண்டுமானால் பார்சல் கட்டுங்கள். அத்தைக்கு நான் ஒரு ஸ்பூன்தான் தந்தேன். இன்னொரு ஸ்பூன் என் இலையிலிருந்து அவரே எடுத்துக்கொண்டார், நான் ஒன்றும் சொல்லவில்லை, மதியம் சோற்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

தஞ்சாவூரில் பன்னிரண்டுக்கு முன்னாலேயே சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டோம். முதல் பந்தி மாதிரி. நுனி இலை, சோற்றில் ஆவி, ரசத்தில் கொத்தமல்லி பச்சையாக மிதந்தது, வத்தக்குழம்பில் மணத்தக்காளி. பரிமாறுகிற தம்பி அத்தையின் இலையைப் பார்த்து, "பாட்டிக்குப் பொரியல் இன்னும் வைக்கவா" என்று தானே கேட்டு இரண்டாம் தரம் வைத்தான். கூட்டம் வராத நேரத்தில் இதெல்லாம் நடக்கும். சாப்பிட்டு வெளியே வந்து கொழுந்து வெற்றிலை போட்டுக்கொண்டோம், கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்று சொன்னேன், "அதுக்கு முன்னாடி அது வெத்தலை இல்லையா" என்றார் அத்தை.

வெயில் தாழ்ந்த பிறகு பாம்பே ஸ்வீட்ஸில் சந்திரகலா. தஞ்சாவூருக்கு வந்து இதைச் சாப்பிடாமல் போகிறவர்களை நான் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். மைதா மாவை அப்பளமாகத் தேய்த்து, உள்ளே கோவாவை வைத்து அரைவட்டமாக மடித்து, ஓரத்தை ஜடை மாதிரி முறுக்கிப் பின்னி, பொரித்துப் பாகில் போடுவது. வட்டமாகச் செய்தால் சூரியகலா. அந்த ஓரப்பின்னல் மட்டும் மொறுமொறுவென்று இருக்க வேண்டும், உள்ளே மெத்தென்று. அத்தை சாப்பிடவில்லை, ஆனால் கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்தப் பின்னலையே ரொம்ப நேரம் பார்த்தார், "சோமாசிக்கு நாங்க இப்படித்தான் ஓரம் கட்டுவோம், எங்கம்மா கை இன்னும் நெருக்கமா வரும்" என்றார்.

மூன்றாம் நாளை நான் சுருக்கமாகவே சொல்லலாம். மாயவரத்தில் காலை டிபன், காளியாகுடி ஓட்டல் என்றால் காபி என்று மாமா சொல்லிக் கேட்ட பெயரை அத்தை ஞாபகமாகக் கேட்டார். வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் மூன்றையும் காலையிலேயே முடித்து, பன்னிரண்டுக்குள் சாப்பிட்டு, அத்தை காரிலேயே ஒரு தூக்கம் போட்டு, நாலு மணிக்குத் திருநள்ளாறு. நடை திறந்தபோது முன்வரிசையில் நின்றோம். முதல் நாள் மாதிரி ஓட்டமும் இல்லை, நடுக்கமும் இல்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் நாகூர். தஞ்சை மராட்டிய அரசர் பிரதாப சிம்மர் கட்டிக்கொடுத்த பெரிய மினாராவைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்ததும் அத்தை இறங்க வேண்டும் என்றார், அவர் வீட்டில் எல்லாருக்கும் நாகூர் ஆண்டவருக்கு ஒரு வேண்டுதல் எப்போதும் உண்டு. தர்கா வாசலில் சாயங்காலம் வாடா போடுகிற நேரம். அரிசிமாவில் வெங்காயமும் தேங்காயும் வைத்து, மேலே ஒரு இறாலைப் பதித்துப் பொரிப்பார்கள். எண்ணெயிலிருந்து எடுத்த அஞ்சாறு நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். கோயிலுக்குப் போன நாள் என்பதால் நாங்கள் இருவரும் தொடவில்லை, கார் ஓட்டிய அண்ணன் மூன்று சாப்பிட்டார். இந்தப் பக்கம் கடலோரம் வந்துவிட்டால் காபியைவிட டீ நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம், எங்களுக்கு டீ. பேரன்களுக்கு வாடா கட்டச் சொல்லலாமா என்று நான் கேட்டதற்கு அத்தைதான் வேண்டாம் என்றார். "வீட்டுக்குப் போறதுக்குள்ள பதத்துப் போயிடும். அவனுங்கள இங்க கூட்டிட்டு வந்து உக்கார வச்சு வாங்கிக் குடுக்கணும்."

புளிசோற்றுத் தூக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டாம் நாள் காலையிலேயே கும்பகோணத்தில் தங்கின லாட்ஜ் வாட்ச்மேனுக்கும் அவர் வீட்டுக்காரம்மாவுக்கும் கொடுத்துவிட்டோம், அவர்கள் துவையலுக்குச் செய்முறை கேட்டார்கள்.

நேற்று போன் செய்தார். தைக்கு அப்புறம் சிதம்பரம் போகலாமா என்று கேட்டார், நடராஜரைப் பார்த்து வெகுநாள் ஆகிறதாம். சரி அத்தை, போகலாம் என்றேன். "அங்க கத்திரிக்கா கொத்சு நல்லா இருக்கும்னு உங்க மாமா சொல்லுவாங்க. அது காலைலயா சாயங்காலமான்னு முதல்ல கேட்டு வச்சுக்க" என்றார்.